சீகேமுக்கு முன்பே இரண்டாக இருந்த ராஜ்யம்

ஞாயிறு பள்ளியில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது எப்படிப் போகும் என்று தெரியும். சாலொமோன் சாகிறான், மகன் ரெகொபெயாம் பட்டத்துக்கு வருகிறான், ஜனங்கள் கூடி வந்து உங்கள் அப்பா வைத்த பாரத்தைக் கொஞ்சம் இறக்குங்கள் என்று கேட்கிறார்கள், பெரியவர்கள் சரி என்று சொல்லிவிடச் சொல்கிறார்கள், கூட வளர்ந்த இளவட்டங்கள் விட்டுக்கொடுக்காதே என்கிறார்கள், இவன் இளவட்டங்களின் பேச்சைக் கேட்டு அப்பா சவுக்கால் அடித்தார் நான் தேளால் அடிப்பேன் என்று வாயை விட, பன்னிரண்டு கோத்திரத்தில் பத்து கைநழுவிப் போகிறது. பெரியவர்கள் சொல்லைக் கேளுங்கள் பிள்ளைகளே, ஜெபம், மணி அடித்தது, வீட்டுக்கு ஓடு.

கதையாக நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'இளவட்ட' ராஜாவுக்கு அப்போது வயது 41 என்று அதே ராஜாக்கள் புத்தகம் இரண்டு அதிகாரம் தள்ளிச் சொல்கிறது. அவனோடு வளர்ந்தவர்களும் ஏறக்குறைய நாற்பதைத் தொட்டவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். எபிரெய மூலத்தில் அவர்களைப் 'பையன்கள்' என்று சொல்வது வயதுக் கணக்கு இல்லை, எழுதியவரின் குத்தல். அதைவிடப் பெரிய விஷயம், நன்றாக இருந்த ஒரு ராஜ்யம் ஒரு வாய்த்துடுக்கால் ஒரே நாளில் இரண்டாகாது. ரெகொபெயாம் போட்டு உடைத்தது ஏற்கெனவே ஒட்டுப்போட்ட பானை. ஒட்டு எங்கே இருந்தது, யார் போட்டது, எத்தனை வருஷம் தாங்கியது என்பதில்தான் எனக்குச் சுவாரஸ்யம்.

ஒரு சின்னக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கலாம். பட்டத்துக்காக ரெகொபெயாம் ஏன் சீகேமுக்குப் போனான்? எருசலேமில் தேவாலயம் இருக்கிறது, அரண்மனை இருக்கிறது, ஆசாரியர்கள் இருக்கிறார்கள். அவன் அப்பா சாலொமோன் எருசலேமின் ஓரத்தில் இருந்த கீகோன் ஊற்றுக்கு அருகே அபிஷேகம் பெற்று அப்படியே வந்து சிங்காசனத்தில் உட்கார்ந்தவன். எங்கும் பயணம் போகவில்லை. மகன் மட்டும் சுமார் 50 கிலோமீட்டர் வடக்கே போய், எபால், கெரிசீம் என்ற இரண்டு மலைகளுக்கு நடுவே இருக்கும் ஊரில் நிற்கிறான். இன்றைய நாப்லுஸ் பக்கத்தில் தெல் பலாத்தா என்ற மேடுதான் அந்த ஊர். யோசுவா கோத்திரங்களைக் கூட்டி உடன்படிக்கை செய்ததாகச் சொல்லப்படும் இடம், யோசேப்பின் எலும்புகளை அடக்கம் செய்த இடம், அபிமெலேக் என்ற ஒருவனை ஊர்க்காரர்களே ராஜாவாக்கி மூன்று வருஷத்தில் அவனோடு சண்டைக்குப் போன இடம். அதாவது வடக்கத்திக்காரர்களின் கூடுமிடம். அங்கே போனான் என்றால், போகாமல் முடியாது என்று அர்த்தம். தெற்கே சொந்தக் கோத்திரமான யூதாவில் அவன் ஏற்கெனவே ராஜாதான், அதை யாரும் கேட்கவில்லை. வடக்கில் அவன் ராஜாவா இல்லையா என்பதை வடக்குதான் சொல்ல வேண்டும்.

இந்த இரட்டை நிலை எவ்வளவு பழையது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். நியாயாதிபதிகள் புத்தகத்தில் தெபொராளின் பாட்டு ஒன்று இருக்கிறது; வேதாகமத்திலேயே மிகப் பழைய பகுதிகளில் ஒன்று என்று மொழியறிஞர்கள் பலர் கருதுவது. போருக்கு வந்த கோத்திரங்களைப் புகழ்ந்து, வராதவர்களைக் கிண்டல் செய்யும் பாட்டு. எப்பிராயீம், பென்யமீன், மனாசேயைச் சேர்ந்த மாகீர், செபுலோன், இசக்கார், நப்தலி எல்லாம் வந்தார்கள். ரூபன் ஆட்டுத்தொழுவத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்துவிட்டான், கிலெயாத் யோர்தானுக்கு அப்பால் தங்கிவிட்டான், தாண் கப்பலை விட்டு இறங்கவில்லை, ஆசேர் கடற்கரையை விட்டு நகரவில்லை. எண்ணிப் பாருங்கள், பத்துப் பெயர். யூதா இல்லை, சிமியோன் இல்லை. வந்தவர்களிலும் இல்லை, வராதவர்களிலும் இல்லை. திட்டுவதற்குக்கூட யூதாவை நினைக்கவில்லை. கல்யாணத்துக்கு வராத சொந்தக்காரனைத் திட்டுவோம். பத்திரிகையே வைக்காதவனை எதற்குத் திட்டுவது?

அதற்கப்புறம் வரும் எண்ணிக்கைகளும் அப்படித்தான். முதல் ராஜா சவுல் ஆள் திரட்டுகிறான்: இஸ்ரவேலர் 3 லட்சம், யூதா 30 ஆயிரம். அவனுக்குப் பின் வந்த தாவீது, சாலொமோனின் அப்பா, கணக்கெடுக்கிறான்: இஸ்ரவேலில் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம். இந்தத் தொகைகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை, பழங்கால எண்கள் அப்படித்தான் ஊதிப்போகும். ஆனால் யாரும் இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு கணக்கு, இரண்டு பேரேடு.

இந்த இரண்டையும் ஒரு கையில் பிடித்தவன் தாவீது. அவனும் ஒரே நாளில் பிடிக்கவில்லை. சவுல் செத்ததும் எப்ரோனில் யூதாவின் ஆட்கள் அவனைத் தங்களுக்கு ராஜாவாக்கினார்கள். அங்கே ஏழரை வருஷம். அந்தச் சமயத்தில் சவுலின் மகன் இஸ்போசேத், தளபதி அப்னேரின் கைத்தாங்கலில், யோர்தானுக்கு அப்பால் மக்னாயீமில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு ராஜாவாக இருந்தான். அப்னேரும் இஸ்போசேத்தும் அடுத்தடுத்துக் கொலையான பிறகுதான் வடக்கின் மூப்பர்கள் எப்ரோனுக்கு வந்தார்கள். நாங்களும் உம்முடைய எலும்பும் மாம்சமும்தானே என்று உறவு கொண்டாடினார்கள், உடன்படிக்கை செய்தார்கள், இரண்டாவது தடவை அபிஷேகம் நடந்தது. உடன்படிக்கை என்ற சொல்லை வேகமாகத் தாண்டிப் போய்விடக் கூடாது. யூதாவுக்கு அவன் வீட்டுப் பிள்ளை, வடக்குக்கு அவன் ஒப்பந்தம் போட்டு வந்தவன். வீட்டுப் பிள்ளை செத்தால் அவன் மகன் தானாக வருவான். ஒப்பந்தக்காரன் செத்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். சாலொமோன் அரண்மனைச் சூழ்ச்சியில் பட்டத்துக்கு வந்து, இந்தப் புதுப்பித்தலை நாசூக்காகத் தாண்டிப்போய்விட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தாவீதுக்கு இந்த ஒட்டின் பலவீனம் நன்றாகத் தெரிந்திருந்தது. தலைநகரை எப்ரோனிலிருந்து எருசலேமுக்கு மாற்றியதே அதனால்தான் என்று பலரும் சொல்வார்கள், சரியாகத்தான் படுகிறது. அது எபூசியர்களிடமிருந்து பிடித்த ஊர், யூதாவுக்கும் பென்யமீனுக்கும் நடுவரப்பில் இருந்தது, எந்தக் கோத்திரமும் எங்கள் பாட்டன் சொத்து என்று சொல்ல முடியாது. முன்னொரு காலத்தில் வடக்கில் சீலோவில் இருந்த பழைய உடன்படிக்கைப் பெட்டியையும் அங்கே கொண்டுவந்து வைத்தான். கெட்டிக்காரத்தனம். ஆனால் நெருக்கடி வந்தபோது அவனே கோத்திரச் சீட்டை இறக்கினான்.

தாவீதின் மகன் அப்சலோம் அப்பாவுக்கு எதிராகச் செய்த கலகம் அடங்கிய சமயம் அது. கலகம் ஆரம்பித்தது யூதாவின் எப்ரோனில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோத்திரக் கோடு எப்போதும் நேராக ஓடாது. அப்சலோம் செத்துவிட்டான், தாவீது யோர்தானுக்கு அப்பால் நிற்கிறான், திரும்பி வர வேண்டும். வடக்கில் ஏற்கெனவே ராஜாவைத் திரும்ப அழைப்போம் என்று பேச்சு எழுந்துவிட்டது. யூதாவில்தான் சத்தமில்லை. தாவீது என்ன செய்கிறான், ஆசாரியர்கள் இருவரை யூதாவின் மூப்பர்களிடம் அனுப்பி, நீங்கள் என் சகோதரர், என் எலும்பும் மாம்சமும், ராஜாவை அழைத்துவருவதில் நீங்கள் ஏன் பிந்திப்போகிறீர்கள் என்று உசுப்பிவிடுகிறான். உடனே யூதா திரண்டு வந்து அவனை ஆற்றைக் கடத்திக் கூட்டிவருகிறது. வடக்கில் பாதிப் பேர்தான் வந்து சேர முடிந்தது.

கில்காலில் வைத்துச் சண்டை வெடிக்கிறது. கிட்டத்தில் போய்க் கேட்டால் அசல் பங்காளிச் சண்டை. வடக்கத்திக்காரர்கள் ராஜாவிடமே கேட்கிறார்கள்: யூதா எப்படி உம்மைத் திருட்டுத்தனமாகக் கூட்டிக்கொண்டு வரலாம்? யூதா பதில் சொல்கிறது: ராஜா எங்களுக்கு நெருங்கின சொந்தம், இதற்கு எதற்குக் கோபம், ராஜா வீட்டுச் சோற்றை நாங்கள் சாப்பிட்டோமா, ஏதாவது வெகுமதி வாங்கினோமா? (யாரும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, இவர்களாக எடுத்துப் போடுகிறார்கள். சந்தேகம் ஏற்கெனவே ஊரெல்லாம் இருந்திருக்கிறது.) வடக்கு சொல்கிறது: ராஜாவில் எங்களுக்குப் பத்துப் பங்கு இருக்கிறது. யூதாவின் பேச்சு இஸ்ரவேலரின் பேச்சைவிடக் காரமாக இருந்தது என்று முடிக்கிறார் எழுதியவர். தாவீது என்ன சொன்னான் என்று எழுதவே இல்லை.

தமிழில் 'பங்காளி' என்ற சொல்லுக்கு உறவு, பகை இரண்டுமே அர்த்தம். பங்கு இருப்பதால்தான் இரண்டும். இந்தக் காட்சியை அதைவிடப் பொருத்தமாகச் சொல்ல ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் அடுத்த வரியிலேயே, பிக்கிரியின் மகன் சேபா என்ற பென்யமீன் ஆள் எக்காளம் ஊதிவிட்டுச் சொல்வது இதே பங்கைப் பற்றித்தான்: தாவீதிடம் எங்களுக்குப் பங்கு இல்லை, ஈசாயின் மகனிடம் எங்களுக்குச் சுதந்தரம் இல்லை, இஸ்ரவேலே, அவரவர் கூடாரத்துக்குப் போங்கள். ஐந்து நிமிஷத்துக்கு முன் பத்துப் பங்கு, இப்போது பூஜ்யம். சுதந்தரம் என்றால் இங்கே விடுதலை இல்லை, பழைய தமிழில் பரம்பரைச் சொத்து. சேபா வடகோடியில் ஆபேல் பெத்மாக்கா வரை ஓடி ஒளிந்தான். முற்றுகையிட்ட தாவீதின் தளபதி யோவாபிடம் அந்த ஊரின் புத்திசாலிப் பெண் ஒருத்தி பேரம் பேசி, அவன் தலையை மதிலுக்கு மேலிருந்து எறியச் செய்தாள். கலகம் முடிந்தது. கோஷம் சாகவில்லை. ஒரு தலைமுறை கழித்துச் சீகேமில் ரெகொபெயாமின் முகத்துக்கு நேரே ஏறக்குறைய அதே வார்த்தைகள் வருகின்றன, கடைசியில் ஒரு வரி கூட்டி: தாவீதே, இனி உன் வீட்டை நீயே பார்த்துக்கொள்.

இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. சேபாவின் கதை வரும் அதிகாரத்தின் கடைசியில் தாவீதின் அதிகாரிகள் பட்டியல் வருகிறது. அதில் ஒரு பெயர் அதோராம், கட்டாய வேலைக்கு ஆள்பிடிக்கும் பொறுப்பாளி. சாலொமோனின் பட்டியலில் அதோனிராம் என்று அதே வேலையில் இருக்கிறான். சீகேமில் கோஷம் எழுந்த பிறகு ரெகொபெயாம் சமாதானம் பேசவோ என்னவோ அனுப்பியது யாரை என்றால் அதே அதோராமை. ஒரே ஆள்தான் என்றால் தள்ளாத கிழவனாகியிருப்பான். கல்லெறிந்து கொன்றார்கள். ராஜா ரதத்தில் ஏறி எருசலேமுக்குத் தப்பி ஓடினான்.

அந்தக் கட்டாய வேலைக்குத் தமிழ் வேதாகமத்தின் பழைய சொல் அமஞ்சி. வெட்டி வேலை என்றாலும் அதுதான்: கூலியில்லாமல், முறை வைத்து, ராஜாவுக்காகச் செய்வது. சாலொமோன் 30 ஆயிரம் பேரை அமஞ்சிக்குப் பிடித்து, மாதம் 10 ஆயிரம் பேராக லீபனோனுக்கு மரம் வெட்ட அனுப்பினான் என்கிறது கணக்கு. ஒரு மாதம் லீபனோனில், இரண்டு மாதம் வீட்டில். தேவாலயம் கட்ட 7 வருஷம், தன் அரண்மனை கட்ட 13 வருஷம். இஸ்ரவேலரை அடிமையாக்கவில்லை, மற்ற ஜாதிக்காரரைத்தான் என்று ஒன்பதாம் அதிகாரம் சமாளிக்கிறது. ஆனால் ஐந்தாம் அதிகாரம் ஆள்பிடித்தது 'இஸ்ரவேல் அனைத்திலும்' என்கிறது, சீகேமில் ஜனங்கள் அழுததும் இதற்குத்தான்.

அரண்மனைச் சாப்பாட்டுக் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரு நாளைக்கு மெல்லிய மாவு 30 மரக்கால், சாதா மாவு 60 மரக்கால் (தமிழ் வேதாகமம் மரக்கால் என்கிறது, எபிரெய அளவான கோர் அதைவிடப் பல மடங்கு பெரியது), கொழுத்த மாடு 10, மேய்ச்சல் மாடு 20, ஆடு 100, இது போக மான், கோழி. இதைக் கொடுக்க தேசத்தை 12 மண்டலமாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு மாதம் முறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு அதிகாரி. அதில் இரண்டு பேர் ராஜாவின் மருமகன்கள். சில மண்டலம் பழைய கோத்திர எல்லையிலேயே இருக்கிறது, சில இடத்தில் எல்லையை வெட்டிப் புதிதாக வரைந்திருக்கிறார்கள். மூப்பர்களின் கையிலிருந்த அதிகாரத்தை அரண்மனை எடுத்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. அப்புறம், அந்தப் பன்னிரண்டில் யூதா இல்லை. பட்டியலின் கடைசியில் 'அந்தத் தேசத்துக்கு ஒரே அதிகாரி' என்று ஒரு வாக்கியம் தொங்குகிறது, அது யூதாவைச் சொல்கிறது என்று படிப்பவர்கள் உண்டு. அப்படியே வைத்துக்கொண்டாலும் மாதமுறைக் கணக்கு பன்னிரண்டு மற்றவர்கள் தலையில்தான். ராஜா வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டோமா என்று கில்காலில் கேட்டவர்கள், இப்போது அந்தச் சோற்றுக்குக் கொடுக்காமலும் இருக்கிறார்கள்.

வடகோடியில் ஆசேர் பக்கம் இருந்த காபூல் வட்டாரத்தில் 20 ஊர்களைத் தூக்கித் தீருவின் ராஜா ஈராமுக்குக் கொடுத்தான் சாலொமோன், மரத்துக்கும் பொன்னுக்கும் ஈடாக. ஈராம் வந்து பார்த்து, இதெல்லாம் ஒரு ஊரா என்று முகம் சுளித்தான் என்று கதை. அங்கே குடியிருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் எழுதவில்லை.

இந்த இடத்தில் யெரொபெயாம் வருகிறான். எப்பிராயீம்காரன், செரேதா ஊர், அம்மா செரூவாள் விதவை. எருசலேமில் மில்லோ கோட்டை வேலை நடந்தபோது இவன் சுறுசுறுப்பைப் பார்த்து, யோசேப்பு வம்சத்தாரின் வேலை முழுவதற்கும் சாலொமோன் இவனைத் தலைவனாக வைத்தான். யோசேப்பு வம்சம் என்றால் எப்பிராயீமும் மனாசேயும், வடக்கின் முதுகெலும்பு. ராஜாவின் பார்வையில் இவன் ஒரு நல்ல கங்காணி. ஆனால் எந்த வீட்டிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், யார் விதைப்பு சமயத்தில் இழுத்துவரப்பட்டான், யார் மலையில் விழுந்து செத்தான் என்பதெல்லாம் கங்காணிக்குத்தான் தெரியும். தன் சொந்த ஜனத்துக்குத் தன் ஜாதிக்காரனையே மேஸ்திரியாகப் போட்டால் வேலை நடக்கும் என்று சாலொமோன் கணக்குப் போட்டான். வேலை நடந்தது, கூடவே ஒரு தலைவனும் உருவானான்.

அவன் எருசலேமிலிருந்து வெளியே வரும் வழியில் சீலோ ஊர்த் தீர்க்கதரிசி அகியா எதிரே வந்து, புதுச் சால்வையைப் பன்னிரண்டு துண்டாகக் கிழித்து, பத்தை நீ எடுத்துக்கொள் என்றான். சீலோக்காரன் என்பது சும்மா விலாசம் இல்லை. பெட்டி இருந்த பழைய கோயில் சீலோவில்தான் இருந்தது; அந்தக் கோயிலின் ஏலி ஆசாரியர் பரம்பரையில் மிஞ்சியிருந்த அபியத்தாரைச் சாலொமோன் பதவி பறித்து ஆனதோத்துக்குத் துரத்திவிட்டான். வருத்தப்பட சீலோவுக்குச் சொந்தக் காரணம் இருந்தது.

அப்புறம் அந்தச் சால்வைக் கணக்கு. பன்னிரண்டில் பத்து யெரொபெயாமுக்கு, தாவீதுக்காக ஒன்று சாலொமோனின் மகனுக்கு என்கிறார். மிச்சம் ஒரு துண்டு எங்கே? பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு செய்தவர்களுக்கும் இது உறுத்தியிருக்கிறது, அவர்கள் 'இரண்டு' என்று போட்டுவிட்டார்கள். லேவிக்கு நிலமே இல்லை. சிமியோன் யூதாவின் எல்லைக்குள்ளேயே ஊர்கள் வைத்திருந்து கரைந்துபோனவன். மிஞ்சியது பென்யமீன். சீகேம் சம்பவத்துக்கு அப்புறம் ஒரு வசனம் 'யூதா ஒன்றுதான் தாவீதின் வீட்டோடு இருந்தது' என்கிறது, மறுவசனத்தில் ரெகொபெயாம் யூதாவிலும் பென்யமீனிலும் 1,80,000 பேரைத் திரட்டுகிறான். அடுத்தடுத்த இரண்டு வரியில் இப்படி.

எனக்கு இந்தப் பிரிவினையில் மிகவும் பிடித்த விஷயமே பென்யமீன்தான். ரத்தம் மட்டும்தான் விசுவாசத்தைத் தீர்மானிக்கும் என்றால் இவர்கள் வடக்கே போயிருக்க வேண்டும். யோசேப்பும் பென்யமீனும் ராகேலின் பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள். யூதா லேயாளின் பிள்ளை. சவுல் பென்யமீன். சேபா பென்யமீன். அப்சலோமுக்குப் பயந்து ஓடிய தாவீதின் மேல் கல்லெறிந்து சபித்த சீமேயி பென்யமீன். பிறகு 1000 பேரோடு ஓடிவந்து மன்னிப்புக் கேட்கும்போது, யோசேப்பு வீட்டாரில் நான்தான் முதலில் வந்தேன் என்று தன்னை வடக்கத்திக்காரனாகவே சொல்லிக்கொள்கிறான். பென்யமீன் என்ற பெயருக்கே வலதுகைப் பிள்ளை, தெற்கத்தியான் என்று அர்த்தம். எதற்குத் தெற்கு என்றால் எப்பிராயீமுக்குத் தெற்கு.

ஆனால் அவர்கள் நிலம் எருசலேமின் வாசலில் இருந்தது. சவுலின் கிபியா என்று பொதுவாகக் கருதப்படும் மேடு எருசலேமிலிருந்து 5 கிலோமீட்டர்தான். பென்யமீன் போனால் எல்லைக்கோடு தாவீதின் அரண்மனை மதிலிலேயே வந்து நிற்கும். எந்த ராஜாவும் அதை விடமாட்டான். ஆகவே மனசு வடக்கில் இருந்ததோ என்னவோ, பென்யமீனின் தென்பாதி யூதாவோடு நின்றது, அல்லது நிறுத்தப்பட்டது. யோசுவாவின் பட்டியலில் பென்யமீனுக்கு எழுதிய பெத்தேல் வடக்கோடு போய், அங்கே வடக்கின் ராஜாவாகிவிட்ட யெரொபெயாம் பொற்கன்றுக்குட்டி ஒன்றை வைத்தான்.

அப்புறம் இரண்டு தலைமுறைக்கு இந்த ஒரு சின்னக் கோத்திரத்தின் மேல்தான் இழுபறி. வடக்கின் ராஜா பாஷா எருசலேமுக்கு 8 கிலோமீட்டர் வடக்கே ராமாவில் கோட்டை கட்டி, யூதாவுக்கு யாரும் போகாமலும் வராமலும் வழியை அடைத்தான். யூதாவின் ராஜா ஆசா தேவாலயத்து வெள்ளியையும் பொன்னையும் வாரித் தமஸ்குவின் ராஜா பெனாதாத்துக்கு அனுப்பி, வடக்கைப் பின்னாலிருந்து அடிக்கச் சொன்னான். பெனாதாத் தாணையும் ஆபேல் பெத்மாக்காவையும் அடித்ததும் பாஷா வேலையைப் போட்டுவிட்டுப் போனான். ஆசா உடனே யூதாவில் ஒருவரையும் விடாமல் எல்லோரையும் கூப்பிட்டு, ராமாவின் கல்லையும் மரத்தையும் பெயர்த்துச் சுமந்து வந்து, பென்யமீனின் கேபாவையும் மிஸ்பாவையும் கட்டினான். சாலொமோன் காலத்தில் மாதமுறைக் கணக்கில் இல்லாத யூதா இப்போது கல் சுமக்கிறது. மிஸ்பா என்று பலரும் கருதும் தெல் என்-நஸ்பேயில் தோண்டியபோது சுமார் 4 மீட்டர் தடிமனான மதில் கிடைத்தது. சகோதரனுக்குப் பயந்து எழுப்பிய சுவருக்கு அவ்வளவு கனம்.

இதெல்லாம் கி.மு. 930 வாக்கில் நடந்த பிரிவினையின் பின்விளைவுகள். பிரிந்த சூட்டில் பெரிய போர் நடக்கவில்லை. செமாயா என்ற தீர்க்கதரிசி, உங்கள் சகோதரரோடு யுத்தம் பண்ணப் போகாதீர்கள் என்று தடுத்தார். ரெகொபெயாமின் ஐந்தாம் வருஷம் எகிப்தின் ராஜா சீஷாக் படையோடு வந்தான். சாலொமோன் செய்துவைத்த பொற்கேடயங்களை வாரிக்கொண்டு போனான். ரெகொபெயாம் அதற்குப் பதில் வெண்கலக் கேடயங்கள் செய்து, தேவாலயத்துக்குப் போகும்போது காவலர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கவும், திரும்பியதும் காவலறையில் பத்திரமாக வைக்கவும் ஏற்பாடு செய்தான். தங்கம் போனாலும் ஊர்வலம் நிற்கவில்லை. முன்பு சாலொமோனுக்குத் தப்பி ஓடிய யெரொபெயாமுக்கு அடைக்கலம் கொடுத்தவன் இந்த சீஷாக்தான். எகிப்தியக் கல்வெட்டுகளின் முதலாம் ஷெஷோங்க். கர்னாக் கோயில் சுவரில் அவன் அடித்த ஊர்களின் பட்டியல் இருக்கிறது, மெகிதோ, பெத்செயான், பெனூவேல் என்று வடக்கின் ஊர்கள் நிறைய. அடைக்கலம் கொடுத்தவனின் நட்பு அவ்வளவுதான்.

வடக்கைப் பத்துக் கோத்திரத்தின் ஒற்றுமை என்று நினைத்தால் அதுவும் தப்பு. எப்பிராயீமுக்கு எப்போதுமே நான்தான் பெரியவன் என்ற நினைப்பு. எங்களைக் கூப்பிடாமல் ஏன் போருக்குப் போனாய் என்று நியாயாதிபதிகள் காலத்தில் கிதியோனிடம் சண்டை, பிறகு கிலெயாத்தின் யெப்தாவிடம் அதே சண்டை. இரண்டாவது சண்டையில் கிலெயாத்காரர்கள் யோர்தான் துறையில் நின்று, கடக்க வருபவனிடம் 'ஷிபோலேத்' சொல்லச் சொன்னார்கள். எப்பிராயீம்காரன் வாயில் அது 'சிபோலேத்' என்று வரும், வந்தால் வெட்டு. (இதைத் தமிழில் எழுத ஒரு கிரந்த எழுத்து தேவைப்படுகிறது, நம்மில் பலர் அந்தத் துறையைத் தாண்டியிருக்க மாட்டோம்.) யெரொபெயாம் சீகேமைக் கட்டி, பிறகு யோர்தானுக்கு அப்பால் பெனூவேலைக் கட்டி, கடைசியில் அவன் வீடு திர்சாவில் இருந்ததை இந்தப் பின்னணியில் பார்த்தால் புரியும்: மனாசேயையும் பிடிக்க வேண்டும், கிலெயாத்தையும் விடக் கூடாது. பெத்தேலில் ஒன்று, வடகோடியில் தாணில் ஒன்று என்று இரண்டு கோயில். பண்டிகையை ஏழாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதத்துக்குத் தள்ளிவைத்தான், ஜனங்கள் எருசலேமுக்குப் போய்ப் பழைய பாசத்தில் மனம் மாறிவிடக் கூடாதே என்று.

சால்வையைக் கிழித்துக் கொடுத்த அகியாவே பிறகு இவனுக்கு எதிராகத் திரும்பினார். இவன் மகன் நாதாபை இசக்கார்காரன் பாஷா கொன்றான். பாஷாவின் மகனைச் சிம்ரி கொன்று ஏழே நாள் ஆண்டு, திர்சா அரண்மனையைத் தன்மேல் கொளுத்திக்கொண்டு செத்தான். பிறகு ஜனம் பாதி திப்னி பக்கம், பாதி உம்ரி பக்கம். ஒப்பந்த ராஜா என்ற பழக்கம் யூதாவின் வீட்டை உதற உதவியது, ஆனால் அதே பழக்கம் தங்கள் ராஜாக்களையும் உட்காரவிடவில்லை. தெற்கில் 300 வருஷத்துக்கு மேல், ராணி அத்தாலியாள் ஆண்ட சில வருஷம் போக, தாவீதின் ஒரே குடும்பம்தான்.

ஜெயித்த உம்ரிக்கு அப்பா பெயரும் கோத்திரமும் எழுதப்படவில்லை. அவன் செய்த காரியம் தாவீது செய்ததேதான்: சேமேர் என்பவனிடம் இரண்டு தாலந்து வெள்ளிக்கு ஒரு மலையை விலைக்கு வாங்கி, சமாரியாவைக் கட்டினான். எந்தக் கோத்திரத்தின் ஊரும் இல்லை, கிரயம் கொடுத்து வாங்கின சொந்த இடம்.

ஒன்றுபட்ட ராஜ்யம் என்று ஒன்று சொல்லப்படும் அளவில் இருந்ததே இல்லை, வடக்கு முதலில் வளர்ந்தது, யூதா சின்ன மலைநாடாகப் பின்னால் வந்தது என்று சொல்லும் தொல்லியலாளர்கள் உண்டு. மறுப்பவர்களும் உண்டு, அந்தச் சண்டை ஓயவில்லை. வடக்கில் மழை அதிகம், பள்ளத்தாக்கு வளம், வியாபாரப் பாதைகள்; யூதா பாதி மேய்ச்சல் காடு, அதில் யாருக்கும் வழக்கில்லை. 1990களின் தொடக்கத்தில் தாண் மேட்டில் கிடைத்த கி.மு. 9-ஆம் நூற்றாண்டு அரமேயிக் கல்வெட்டில் 'இஸ்ரவேலின் ராஜா' என்று ஒரு பெயரும் 'தாவீதின் வீடு' என்று ஒரு பெயரும் தனித்தனியாக இருக்கின்றன. மோவாபின் மேசா ராஜாவின் கல், லூவ்ரில் இருப்பது, இன்னும் கூர்மை: அதரோத் நாட்டில் காத் கோத்திரத்து ஆட்கள் ஆதியிலிருந்தே குடியிருந்தார்கள், இஸ்ரவேலின் ராஜா அந்த ஊரைக் கட்டினான் என்கிறது. எதிரியின் கண்ணுக்குக்கூட காத் வேறு, அவர்கள் மேல் உட்கார்ந்திருக்கும் ராஜா வேறு.

சமாரியாவில் 1910-இல் அரண்மனை வளாகத்தைத் தோண்டியபோது மை எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன, படிக்க முடிந்தவை அறுபதுக்கு மேல். கி.மு. 8-ஆம் நூற்றாண்டு, பிரிந்து நூற்றைம்பது வருஷம் ஆகியிருக்கும். அரண்மனைக்கு வந்த சரக்கின் ரசீதுகள் மாதிரி: எத்தனையாவது வருஷம், எந்த ஊர், யாருக்கு, என்ன. அதில் அபியேசேர், ஏலேக், அஸ்ரியேல், செகேம், செமீதா என்று வட்டாரப் பெயர்கள் வருகின்றன. எண்ணாகமத்திலும் யோசுவாவிலும் மனாசேயின் குடும்பங்களாகச் சொல்லப்படும் அதே பெயர்கள். மகன் இல்லாமல் செத்த செலொப்பியாத்தின் ஐந்து பெண்கள் அப்பாவின் பங்கு எங்களுக்கு வேண்டும் என்று மோசேயிடம் வழக்காடிய கதை ஞாபகம் இருக்கிறதா? மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். கடைசிப் பெயர்தான் யெரொபெயாமின் வீடு இருந்த ஊருக்கும். நோவாளும் ஒக்லாளும் ஓடுகளில் இருக்கிறார்கள், வட்டாரங்களாக. ராஜாக்களைப் பற்றி அந்த ஓடுகளில் ஒரு பெயரும் இல்லை, வருஷ எண் மட்டும். பத்தாம் வருஷம், இன்ன வட்டாரம், பழைய திராட்சரசம், ஒரு ஜாடி.